மாத்திரை யாருக்கு?

கேள்வி: எனக்கு வயது 34. ஆவடியில் வசிக்கிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், உலோகப் பாகங்களை உலையில் சூடேற்றிப் பதப்படுத்தும் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மனைவிக்கு 32 வயது, பள்ளி ஆசிரியை. குழந்தை இல்லை என்பதால் மகப்பேறு மருத்துவர் ஒருவரிடம் போனோம். மனைவிக்கு எல்லாச் சோதனைகளும் எடுத்துப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்றார். என் விந்துப் பரிசோதனையில் அளவு 1.2 மில்லி லிட்டர், விந்தணுக்கள் ஒரு மில்லி லிட்டருக்கு 90 லட்சம், நகர்பவை 28 சதவீதம் என்று வந்தது. அறிக்கையைப் பார்த்ததும் க்ளோமிஃபீன் 25 மி.கி. தினம் ஒன்று, கூடவே ஒரு சத்து மாத்திரை என்று மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். மருந்துக்கடையில் ‘இது மனைவிக்கா?’ என்று கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். டப்பாவுக்குள் இருந்த தாளிலும் பெண்களுக்குக் கருமுட்டை வெளிவருவதற்கான மருந்து என்றுதான் போட்டிருக்கிறது. அலமாரியில் மாத்திரையைப் பார்த்த என் அம்மா, மருமகளுக்கு வைத்தியம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் மறுத்துச் சொல்லவில்லை.

ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டுப் பொறுக்க முடியாமல் நானே மறுபடியும் சோதித்துப் பார்த்தேன். 70 லட்சமாகக் குறைந்திருக்கிறது. உடற்பயிற்சிக் கூடத்துக்கு வரும் நண்பர் ஒருவர், ‘டெஸ்டோஸ்டிரோன் ஊசி நாலு போட்டால் சரியாகிவிடும்’ என்கிறார். பெண்களுக்கான மாத்திரையை நான் சாப்பிடலாமா? ஊசி போட்டுக்கொள்ளலாமா? மற்றபடி எனக்கு நோய் எதுவும் இல்லை. முடி கொட்டுவதற்காக மட்டும் இரண்டு ஆண்டுகளாக ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். என் அறைக்கு வருகிறவர்களும் இப்படித்தான். அரைமணி நேரம் பேசி முடித்து, எழுந்து, கதவில் கை வைத்த பிறகு, ‘ஒன்று சொல்ல மறந்துவிட்டேன் டாக்டர்’ என்பார்கள். எனக்கு வேண்டிய செய்தி பல நேரங்களில் அந்தக் கதவருகேதான் கிடைத்திருக்கிறது.

முடிக்கான மாத்திரை என்றால் அது ஃபினாஸ்டரைடு 1 மி.கி. ஆக இருக்கக்கூடும். அட்டையைத் திருப்பி, பிராண்ட் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். டெஸ்டோஸ்டிரோன் உடம்பில் இன்னொரு வீரியமான ஹார்மோனாக மாறுவதை இது தடுக்கிறது. அந்த இன்னொரு ஹார்மோன்தான் முடியின் வேரைச் சுருக்குவது. இதே மருந்து 5 மி.கி. அளவில் வயதானவர்களின் புராஸ்டேட் வீக்கத்துக்கும் தரப்படுகிறது. சாப்பிடும் ஆண்களில் பெரும்பாலோருக்கு விந்தணு விஷயத்தில் ஒரு பாதிப்பும் தெரிவதில்லை. ஆனால் வேறு காரணங்களால் ஏற்கெனவே எண்ணிக்கை குறைந்திருப்பவர்களில் சிலருக்கு இந்தச் சின்ன மாத்திரை அதை மேலும் கீழே இழுத்துவிடுகிறது. விந்தின் அளவும் சற்றுக் குறையலாம். மாத்திரையை நிறுத்தி மூன்று நான்கு மாதங்களில் எண்ணிக்கை ஏறியதாகப் பல மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மருந்துக் கம்பெனியே தன் எச்சரிக்கைத் தாளில் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது.

உங்கள் குறைவுக்கு இதுதான் காரணம் என்று நேரில் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். ஆனால் புதிதாக ஒரு மாத்திரையைச் சேர்ப்பதற்கு முன்னால், பழையது ஒன்றைக் கழிக்க முடியுமா என்று பார்த்திருக்க வேண்டும். உங்கள் மருத்துவர் கேட்கவில்லையா, நீங்கள் சொல்லவில்லையா என்று எனக்குத் தெரியாது. ‘வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டால் ஆண்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். முடிக்குச் சாப்பிடுவது அவர்கள் கணக்கில் மருந்தே இல்லை. ஆகவே நான் வகை வகையாகப் பிரித்துக் கேட்பேன்: தலைமுடிக்கு உண்டா, உடம்பு ஏற்ற ஊசியோ பொடியோ உண்டா, குடல் புண்ணுக்கோ மூட்டு வலிக்கோ சல்ஃபாசலசீன் உண்டா, சிறுநீர் தாராளமாகப் போக டாம்சுலோசின் உண்டா, பக்கத்து வீட்டு மாமா வாங்கிக் கொடுத்த லேகியம் உண்டா? சல்ஃபாசலசீன் எண்ணிக்கையைக் குறைக்கும், நிறுத்தினால் திரும்பிவிடும். டாம்சுலோசின் வகை மருந்துகள் விந்து வெளிவரும் விதத்தையே மாற்றிவிடும்.

இனி க்ளோமிஃபீனுக்கு வருவோம். அது பெண்களுக்கான மருந்து என்று படித்தீர்கள். உண்மைதான். 1967-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது கருமுட்டை வெளிவராத பெண்களுக்காகத்தான். அங்கே ஆண்களுக்கென்று அனுமதி பெற்றதில்லை. ஆனாலும் உலகம் முழுவதும் மருத்துவர்கள் ஆண்களுக்கும் பல பத்தாண்டுகளாக எழுதி வருகிறார்கள். அதில் மர்மமோ தவறோ இல்லை. ‘இந்த மருந்தின் அனுமதி வேறு காரியத்துக்கு, உங்களுக்கு இன்ன காரணத்தால் தருகிறேன்’ என்று ஒரு நிமிடம் செலவழித்துச் சொல்லியிருந்தால் மருந்துக்கடையில் நீங்கள் தலையைக் குனிந்திருக்க வேண்டியதில்லை.

அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு உங்கள் வீட்டு மொட்டைமாடியைப் பாருங்கள். மேல்நிலைத் தொட்டி நிறைந்ததும் மோட்டார் தானாக நிற்பதற்கு ஒரு சென்சார் வைத்திருப்போம் அல்லவா? ஆண் உடம்பில் மோட்டார் என்பது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. அது எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்பி விரைகளை வேலை வாங்குகிறது. எல்.எச். டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் செய்யும், எஃப்.எஸ்.எச். விந்தணு உற்பத்திக்குத் துணை நிற்கும். டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜனாக மாறி மூளைக்குப் போய், ‘தொட்டி நிறைந்தது, நிறுத்து’ என்று சொல்கிறது. ஆம், ஆணுக்கும் ஈஸ்ட்ரோஜன் உண்டு. க்ளோமிஃபீன் போய் அந்த சென்சாரைப் பொத்திக்கொள்கிறது. தொட்டி காலி என்று நினைத்து மோட்டார் ஓடுகிறது. பெண்ணிடமும் ஆணிடமும் அது செய்யும் வேலை ஒன்றுதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். மோட்டார் மந்தமாக ஓடுகிற வீட்டில் இந்தத் தந்திரம் பலிக்கும். மோட்டார் ஏற்கெனவே முழு வேகத்தில் ஓடி, தொட்டி விரிசல் விட்டிருக்கிற வீட்டில் சென்சாரைப் பொத்தி என்ன பயன்? எந்த வீடு உங்களுடையது என்று தெரிய ரத்தப் பரிசோதனை வேண்டும். டெஸ்டோஸ்டிரோன், எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின் (தாய்ப்பாலைச் சுரக்கச் செய்யும் ஹார்மோன்), ஈஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை), கூடவே தைராய்டு. டெஸ்டோஸ்டிரோனைக் காலை பத்து மணிக்குள் எடுக்க வேண்டும், மதியத்துக்கு மேல் அது தானாகவே இறங்கிவிடும். உங்கள் கடிதத்தில் இந்த ஆறில் ஒன்றுகூட இல்லை. மாத்திரை மட்டும் இருக்கிறது. என் மனத்தாங்கல் அங்கேதான். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைவு, எல்.எச். உயரவில்லை என்று தெரிந்த பிறகு க்ளோமிஃபீன் எழுதினால் அது வைத்தியம். விந்து அறிக்கையை மட்டும் பார்த்து எழுதினால் அது கல்லெறிந்து பார்ப்பது. மாங்காய் விழவும் செய்யலாம். அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதலும், டெஸ்டோஸ்டிரோன் குறைந்த ஆண்களுக்கு இதைத் தரலாம் என்கிறது. காரணம் தெரியாத விந்தணுக் குறைவில், செயற்கைக் கருத்தரிப்பு தரும் பலனோடு ஒப்பிட்டால் இத்தகைய மருந்துகளின் பலன் சிறியது என்றும் சொல்கிறது.

இதே நோக்கத்துக்காக எழுதப்படும் வேறு வகை மருந்துகள் அனாஸ்ட்ரசோல், லெட்ரசோல் என்று இரண்டு உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு வந்த மருந்துகள். டெஸ்டோஸ்டிரோன் ஈஸ்ட்ரோஜனாக மாறுவதையே இவை தடுக்கும். அந்த மாற்றத்தின் பெரும்பகுதி கொழுப்பில் நடப்பதால், தொப்பை பெருத்து, ஈஸ்ட்ரடையால் கூடி இருப்பவர்களுக்கு இவற்றைப் பார்த்து எழுதுவோம். உங்களுக்கு வேண்டுமா என்பதை உங்கள் ரத்தம்தான் சொல்ல வேண்டும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. இன்றைக்கே ஓடிப்போய் ஹார்மோன் சோதனை எடுக்காதீர்கள். க்ளோமிஃபீன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வரும் எண்கள் மாத்திரை ஏற்றிவிட்ட எண்கள், உங்களுடைய சொந்த எண்கள் ஆகாது. நிறுத்திய பிறகும் இந்த மருந்து சில வாரங்கள் உடம்பில் தங்கும். எப்போது நிறுத்தி எப்போது ரத்தம் எடுப்பது என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். அவரைப் பார்க்கும்வரை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். பார்வை மங்கினாலோ, கண்முன் மின்னல் போலத் தெரிந்தாலோ மட்டும் உடனே நிறுத்திவிட்டு அவரை அழைக்க வேண்டும். எரிச்சல், மனச்சோர்வு, தலைவலி, மார்புக் காம்பில் வலி வந்தாலும் சொல்ல வேண்டும். முன்பு எப்போதாவது காலில் ரத்தம் உறைந்தது என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் மறைக்கக் கூடாது.

ஒரு மாதத்தில் 70 லட்சமாகக் குறைந்துவிட்டது என்று பதறியிருக்கிறீர்கள். ‘அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்’ என்று ஒரு பழமொழி உண்டு. அதில் எப்போதும் பெண்ணைத்தான் கேலி செய்கிறார்கள். மாத்திரையை விழுங்கிவிட்டு முப்பதாம் நாள் பரிசோதனைக்கூடத்து வாசலில் நிற்கும் ஆண்களைப் பழமொழி கட்டியவர் பார்க்கவில்லை போலும். ஒரு விந்தணு விரையில் உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாட்கள் ஆகின்றன. பிறகு சுருண்ட குழாய்க்குள் பயணம் செய்து முதிர்ந்து வெளிவர மேலும் ஒன்றிரண்டு வாரங்கள். ஆக நீங்கள் இரண்டாம் முறை சோதித்த விந்தணுக்களில் பெரும்பாலானவை மாத்திரையைத் தொடுவதற்கு முன்பே உருவாகத் தொடங்கியவை. க்ளோமிஃபீனால் எண்ணிக்கை குறைந்துபோகும் ஆண்களும் சிலர் உண்டு. ஆனால் அதை மூன்று மாதத்துக்கு முன்னால் தீர்மானிக்க முடியாது. 90 லட்சத்துக்கும் 70 லட்சத்துக்கும் உள்ள வித்தியாசம், ஒரே ஆணுக்கு இந்த வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் இடையே சாதாரணமாக வரக்கூடியது. அதனால்தான் ஒரு சோதனையை நம்பாமல், சில வார இடைவெளியில் இரண்டு எடுக்கச் சொல்கிறோம். அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் சோதனையைத் தள்ளிப்போடுவேன். மழைக்கால டெங்குவில் படுத்து எழுந்து, அந்தச் சூட்டோடு சோதனைக்குப் போய், எண்ணிக்கையைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. தை பிறந்ததும் மறுபடி எடுத்தால் எல்லாம் ஏறியிருக்கும்.

விந்தின் அளவு 1.2 மில்லி லிட்டர் என்பதும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கடைசியாக உறவு கொண்டு இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி விட்டீர்களா? கொஞ்சம் சிந்திவிட்டதா? முதலில் வரும் துளிகளில்தான் விந்தணு அதிகம். அதைத் தவறவிட்டால் கணக்கே மாறிவிடும். வெட்கத்தால் யாரும் சொல்வதில்லை. ஆவடி வீட்டில் எடுத்து, பைக் பெட்டியில் வைத்து, அண்ணா நகர் வரை நெரிசலில் ஓட்டிப்போய்க் கொடுத்தீர்களா? வெயிலில் காயாமலும் குளிர்சாதனக் காற்றில் குளிராமலும், சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். பரிசோதனைக்கூடத்திலேயே எடுப்பது நல்லது. அந்த அறை எவ்வளவு மோசமாக இருந்தாலும்.

அந்த எண்களை எப்படிப் படிப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டில் கீழ் எல்லைகள் இவை: அளவு 1.4 மில்லி லிட்டர், ஒரு மில்லி லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம், நகர்பவை 42 சதவீதம். இதைத் தேர்ச்சி மதிப்பெண் போல எடுத்துக்கொண்டு பலர் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். மனைவி ஓராண்டுக்குள் கருவுற்ற ஆண்களைச் சோதித்துப் பார்த்து எடுத்த எண்கள் அவை. அந்தத் தகப்பன்மார்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேர் இந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள். நான் மூன்றையும் பெருக்கிப் பார்ப்பேன். உங்களுக்கு 1.2 பெருக்கல் 90 லட்சம், அதில் 28 சதவீதம்: நகரும் விந்தணுக்கள் மொத்தம் ஏறக்குறைய 30 லட்சம். குறைவுதான். கதவு சாத்தியிருக்கிறது, பூட்டு தொங்கவில்லை.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு வளவளப்பு கிடையாது. போட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் நண்பர் சொல்வது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆண் ஹார்மோன் குறைந்தால் ஆண் ஹார்மோனை ஏற்றினால் என்ன என்று தோன்றும். மறுபடியும் மொட்டைமாடிக்கு வாருங்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் லாரியை வரவழைத்துத் தொட்டியை நிரப்பினால் என்ன ஆகும்? சென்சார் ‘நிறைந்தது’ என்று சொல்லும், மோட்டார் நின்றுவிடும். பிட்யூட்டரி ஓய்வெடுக்கும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் தளும்பும், விரைக்குள் வறண்டுவிடும். விந்தணு உண்டாக, ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் விரைக்குள்ளேயே சுரந்தாக வேண்டும். வெளியிலிருந்து போடுவது அந்த அளவை எட்டாது. ஆண்களுக்குக் கருத்தடை ஊசி கண்டுபிடிக்க உலக சுகாதார நிறுவனம் 1990-களில் சோதனை நடத்தியபோது பயன்படுத்தியது இந்த டெஸ்டோஸ்டிரோனைத்தான், வாரம் 200 மி.கி. கருத்தடைக்குச் சோதித்துப் பார்த்த ஊசியைப் பிள்ளை வரம் வேண்டிப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார் உங்கள் நண்பர்.

தோள் இரண்டும் தென்னங்குரும்பை போலத் திரண்டு, அறைக்குள் பக்கவாட்டில் நுழையும் இளைஞர்கள் என்னிடம் வருகிறார்கள். அறிக்கையில் விந்தணு பூஜ்யம். விரைகள் சுருங்கியிருக்கும். ‘சத்து ஊசி என்றுதான் சார் சொன்னார்கள்’ என்பார்கள். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும். கருத்தடைச் சோதனைகளில் கலந்துகொண்ட ஆரோக்கியமான ஆண்களில் மூன்றில் இரண்டு பேருக்கு ஆறு மாதத்திலும், பத்தில் ஒன்பது பேருக்கு ஓராண்டிலும் எண்ணிக்கை மீண்டது. சிலருக்கு இரண்டாண்டு ஆனது. அவர்கள் தொடக்கத்தில் நல்ல எண்ணிக்கை உள்ளவர்கள். உங்களைப் போல 90 லட்சத்தில் நிற்பவர் அதைச் சூதாடக் கூடாது. உடற்பயிற்சிக்குப் போவதை நிறுத்த வேண்டாம். ஆலோசனை கேட்பதை மட்டும் நிறுத்துங்கள்.

மருந்துச் சீட்டின் மேல் எனக்கு நம்பிக்கையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சரியான ஆளுக்குச் சரியான ஊசி போய்ச் சேரும்போது என்ன நடக்கும் என்பதைப் பார்த்துத்தான் இந்தத் துறையில் இத்தனை ஆண்டுகள் இருக்கிறேன். ஒருவகை ஆண்களுக்குப் பிறவியிலேயே மோட்டார் ஓடுவதில்லை. மீசை அரும்பியிருக்காது, குரல் உடைந்திருக்காது, விரைகள் சிறுவனுடையவை போல இருக்கும். அவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பேன்: ‘சமையலறையில் பெருங்காயம் பொரிந்தால் உங்களுக்கு வாசனை தெரியுமா?’ சிலர் விழிப்பார்கள். கூட வந்த அம்மா சொல்வார்: ‘இவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வாசனை தெரியாது டாக்டர், சளி என்று விட்டுவிட்டோம்.’ மோப்ப நரம்பும் அந்த மோட்டாரைத் தொடங்கிவைக்கும் அணுக்களும் கருவில் ஒரே பாதையில் வளர்ந்து வருபவை. பாதை அடைபட்டால் இரண்டும் போகும். கால்மன் நோய் என்று இதற்குப் பெயர். இவர்களுக்கு, எல்.எச். போலவே வேலை செய்யும் எச்.சி.ஜி. ஊசி வாரம் இரண்டு மூன்று முறை, சில மாதங்கள் கழித்து எஃப்.எஸ்.எச். ஊசியும் சேர்த்துப் போடுவோம். பொறுமை வேண்டும், ஓராண்டு, சில நேரம் இரண்டாண்டு. விந்தணுவே இல்லாதிருந்தவருக்கு முதன்முதலாகச் சில லட்சங்கள் தென்படும். அந்தக் குறைந்த எண்ணிக்கையிலேயே பல தம்பதிகளுக்குக் கரு நின்றிருக்கிறது. ஆண் மலட்டுத்தன்மையில் மருந்தாலேயே குணமாகும் நோய் எது என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். வயது வந்தபின் பிட்யூட்டரியில் கட்டி வந்து புரோலாக்டின் கூடினால் கபர்கோலின் மாத்திரை நன்றாக வேலை செய்யும். சர்க்கரை நோயால் விந்து வெளியே வராமல் பின்புறமாகச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுபவர்களுக்கும் சில மாத்திரைகள் உதவும். ஒவ்வொன்றிலும் பாருங்கள், முதலில் பெயர் சொல்லத்தக்க ஒரு கோளாறு இருக்கிறது, பிறகுதான் மருந்து.

உங்கள் சீட்டில் இருக்கும் ‘சத்து மாத்திரை’யைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துத்தநாகம், ஃபோலிக் அமிலம், கோ-என்சைம், கார்னிடின் என்று இருபது பெயர்கள் அட்டையில் இருக்கும். அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்து நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்களுக்கு ஆறு மாதம் ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தை பிறந்தது மருந்து சாப்பிட்டவர்களில் 34 சதவீதம், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 35 சதவீதம். வயிற்றுக் கோளாறுதான் கூடுதலாக வந்தது. சாப்பிட்டால் பெரிய கெடுதல் இல்லை. செலவு பாரமாக இல்லை என்றால் சாப்பிடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்து உங்களிடம் வந்து சேரப்போவது லேகியம். குறிப்பிட்ட தேதிகளில் லாட்ஜில் அறை எடுத்து முகாமிடும் வைத்தியர்களையும், சிட்டுக்குருவி லேகிய விளம்பரங்களையும் பார்த்து வளர்ந்த ஊர் இது. முறையாகப் படித்த சித்த மருத்துவர்களை நான் சொல்லவில்லை. பெயரும் சேர்மானமும் அச்சிடாத டப்பாவைச் சொல்கிறேன். ஆண்மைக் குறைவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது, சுவர்கள்தான் படிப்பதில்லை. அப்படிப்பட்ட சில தயாரிப்புகளில் சில்டெனாஃபில் கலந்திருந்தது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. அது விறைப்புக்கான மருந்து. விந்தணு எண்ணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதய நோய்க்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் தெரியாமல் அதை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

கடிதம் முழுக்கத் தேடினேன், உங்களை யாரும் தொட்டுப் பார்த்ததாக ஒரு வரி இல்லை. மலட்டுத்தன்மைக்கு வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் வேரிகோசீல் இருக்கிறது, அதாவது விரைக்கு மேலே ரத்த நாளங்கள் புடைத்துப் புழுக்கூட்டம் போலச் சுருண்டிருப்பது. நிற்க வைத்து, மூச்சை அடக்கி முக்கச் சொல்லி, கையால் தடவிப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். கைக்குத் தட்டுப்படும் வேரிகோசீலும் குறைந்த எண்ணிக்கையும் சேர்ந்திருந்தால், அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் பலருக்கு எண்ணிக்கை ஏறுகிறது. மாத்திரை எதுவும் அந்த ரத்த நாளத்தைச் சுருக்காது. விரையின் அளவு, விந்துக்குழாய் இருக்கிறதா, பதின்பருவத்துக்குப் பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விரை வீங்கியதா என்பதெல்லாம் இதே பரிசோதனையில் அடங்கும். எண்ணிக்கை 50 லட்சத்துக்குக் கீழே போனால் குரோமோசோம் சோதனையும் கேட்போம். இதற்கெல்லாம் பார்க்க வேண்டியவர் யூராலஜிஸ்ட், அதிலும் ஆண்ட்ராலஜி, அதாவது ஆண்களின் இனப்பெருக்கக் குறைகளுக்கான மருத்துவம், பார்ப்பவர். கையில் பணம் குறைவென்றால் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை, கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி மூன்றிலும் சிறுநீரகவியல் துறை உண்டு. எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனையில் அரசே கருத்தரிப்பு மையம் நடத்துகிறது.

உலை வேலையைப் பற்றி இரண்டு வரி. விரைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதே உடல் சூட்டைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவாக இருக்கத்தான். எட்டு மணி நேரம் உலைமுன் நிற்பது அதற்கு நல்லதில்லை. வேலையை விடச் சொல்லவில்லை. ஆறு மாதம் வேறு பிரிவுக்கு மாற்றித் தரக் கேட்டுப் பாருங்கள். சிகரெட் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

கால அளவையும் நான் வரையறுத்துச் சொல்கிறேன். ஃபினாஸ்டரைடு என்றால் அதை எழுதியவரிடம் பேசி நிறுத்துங்கள். காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஆறு மாதம். அதற்குமேல் மாத்திரைகளை மாற்றி மாற்றி எழுதி வாங்கிக்கொண்டிருக்காதீர்கள். உங்களுக்கு 34 வயதா 38 வயதா என்பது பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் மனைவிக்கு 32-க்கும் 36-க்கும் உள்ள வித்தியாசம் பெரிது. நீங்கள் மாத்திரையில் கழிக்கும் ஒவ்வொரு மாதமும் அவருடைய கணக்கில் கழிகிறது. 30 லட்சம் நகரும் விந்தணுக்கள் ஏறவே இல்லை என்றால் இக்ஸி இருக்கிறது. ஒரு முட்டைக்கு ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் உள்ளே செலுத்தும் முறை, 1992-இல் பெல்ஜியத்திலிருந்து வந்தது. ஐம்பது லட்சம், ஒரு கோடி என்று ஏறினால் விந்தணுக்களைக் கருப்பைக்குள் செலுத்தும், அதைவிட எளிய ஐ.யு.ஐ. போதுமானதாக இருக்கலாம். மருந்து உங்களைக் குழந்தை வரை கொண்டுவராவிட்டாலும், இக்ஸியிலிருந்து ஐ.யு.ஐ.க்கு இறக்கிவிட்டாலே பெரிய தொகை மிச்சம். எங்கே போனாலும், செயற்கைக் கருத்தரிப்பு மையங்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற மையமா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக, நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோன விஷயம். உங்கள் அம்மா மாத்திரையை மருமகளுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், நீங்கள் மறுக்கவில்லை. உங்கள் மனைவி மறுத்தாரா? மறுத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். பள்ளியில் ஆசிரியர்கள் அறையிலும், கல்யாண வீட்டிலும், வளைகாப்புப் பந்தியிலும் ‘என்னம்மா, விசேஷம் உண்டா?’ என்ற கேள்வியைச் சந்தித்துவிட்டு வந்து, வீட்டில் உங்கள் மாத்திரையையும் தன் பெயரில் ஏற்றுக்கொண்டிருக்கிறார். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. ஆனால் என் அனுபவத்தில் சோதனைக்கு முதலில் வருவது எப்போதும் மனைவிதான். வயிற்றில் கேமரா விட்டுப் பார்த்து, குழாயில் சாயம் ஏற்றிப் பார்த்து, எல்லாம் முடிந்த பிறகுதான் கணவர் ஒரு டப்பாவில் விந்து கொடுக்க ஒப்புக்கொள்வார்.

இது மருத்துவக் கேள்வி இல்லை, நீ ஏன் தலையிடுகிறாய் என்று கேட்கலாம். அம்பத்தூர் உலையைப் பற்றிப் பேச எனக்கு எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவு உரிமை இதிலும் உண்டு என்று நினைக்கிறேன். மறைத்துச் சாப்பிடும் மாத்திரையை வேளை தவறிச் சாப்பிடுவார்கள், பக்க விளைவு வந்தால் சொல்ல மாட்டார்கள், சோதனைக்குப் பொய் சொல்லிவிட்டு அவசரமாகப் போவார்கள். அம்மாவிடம் விந்தணு எண்ணிக்கையெல்லாம் விளக்க வேண்டாம். ‘அந்த மாத்திரை எனக்கு எழுதிக் கொடுத்தது அம்மா, அவளுக்கு ஒன்றுமில்லை’ என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொள்ளுங்கள். மேலே கேட்டால் டாக்டர் சொன்னார் என்று என் தலையில் போடுங்கள்.

அடுத்த வாரம் யூராலஜிஸ்டிடம் போகும்போது மனைவியும் உடன் வரட்டும். இரண்டு விந்து அறிக்கைகள், மனைவியின் கோப்பு, க்ளோமிஃபீன் தொடங்கிய தேதி, சத்து மாத்திரை டப்பா, எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள். முடி மாத்திரை அட்டையையும் மறக்காமல்.